முள்ளங்கிக்கு இடம் கொடு

அன்புள்ள கயல்விழி,

மாடித்தோட்டத்து முள்ளங்கி இலை இலையாகத் தழைத்திருக்கிறது, பிடுங்கிப் பார்த்தால் அடியில் எலிவால்போல ஒரு வேர்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். “இன்னும் என்ன உரம் போடலாம்?” என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. வளரும் செடிக்கு இனி எந்த உரமும் போடாதே.

வாரம் ஒரு கரைசல் ஊற்றினால் எல்லாம் விளைந்துவிடும் என்ற நம்பிக்கை இன்று வீட்டுத்தோட்டக்காரர்களிடம் பரவிக் கிடக்கிறது. தழைச்சத்து மிகுந்தால் முள்ளங்கி இலையைத்தான் பெருக்கும். நீ மீன் அமிலம் தெளித்ததற்குச் செடி சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு வேண்டியது இடம்: மண்ணுக்குள் வேருக்கு இடம், மண்ணுக்கு மேலே இலைக்கு இடம்.

முதலில் மண். எலீ-அபெல் கரியேர் என்ற பிரெஞ்சுத் தோட்டக்கலை அறிஞர் 1869-இல் வெளியிட்ட சிறு நூல் எனக்கு மிகவும் பிடித்தமானது. காட்டு முள்ளங்கியின் விதையை எடுத்து, நல்ல வேர் விட்ட செடிகளையே தேர்ந்து, அவற்றின் விதையை மீண்டும் மீண்டும் விதைத்தார். சில தலைமுறைகளில் சதைப்பற்றுள்ள கிழங்கு வந்தது. இலேசான மண்ணில் வளர்ந்தவை பெரும்பாலும் நீண்டன. இறுகிய மண்ணில் வளர்ந்தவை உருண்டன. டார்வினும் இந்தச் சோதனையை எடுத்துப் பேசியிருக்கிறார். கரியேரின் முடிவுகளை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஆனாலும் முள்ளங்கி வளர்க்கிற எவரும் மறக்கக்கூடாத பாடம் அதில் இருக்கிறது என்பேன். ஜப்பானின் சகுராஜிமா எரிமலைப் பகுதியைப் பார். அங்கே பொலபொலவென்ற எரிமலைச் சாம்பல் மண்ணில் 30 கிலோவைத் தாண்டிய முள்ளங்கியே விளைந்திருக்கிறது. ரகமும் நீண்ட பருவமும் அதற்குக் காரணம்தான். ஆனால் அந்த மண் இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே உன் செடிப் பையில் இருக்கும் செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவும் நன்கு மக்கிய தொழு உரமும் கலந்து, ஓர் அடி ஆழத்துக்குக் கல், கட்டி இல்லாமல் உதிர்த்துவிடு. மக்காத சாணம் வேண்டவே வேண்டாம். வேர் கவட்டையாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது நெருக்கம். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வரவில்லை என்கிறாய். அந்த இரக்கம்தான் உன் முள்ளங்கியைக் கெடுத்தது. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. பக்கத்துச் செடியிலிருந்து வரும் அந்த ஒளியைக் கொண்டே, நிழல் விழுவதற்கு முன்பே, போட்டி வரப்போவதைச் செடி அறிந்துகொள்கிறது. உடனே காம்பை நீட்டி மேலே போகப் பார்க்கிறது. கிழங்குக்குப் போக வேண்டிய சர்க்கரைச் சத்து அங்கேயே செலவாகிவிடுகிறது. மூன்றாம் இலை விடும்போது, நீள ரகமானால் செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டு மற்றவற்றைக் கலைத்துவிடு. இதைத் தள்ளிப்போடாதே. பிடுங்கியதை வேறு பையில் நடவும் செய்யாதே. ஆணிவேர் ஒடிந்த முள்ளங்கி நேராகப் பருக்காது.

சென்னை வெயிலுக்குப் பூசா சேத்கி போன்ற வெப்பம் தாங்கும் ரகம் வாங்கு. மண்ணைக் காயவிட்டுத் திடீரென வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். தினமும் அளவாக ஊற்று. 40, 45 நாளில் பறித்துவிடு. இன்னும் பருக்கட்டும் என்று காத்திருந்தால் நார் பிடித்து, உள்ளே கூடு விழும்.

பழைய செடிகளை எடுத்துவிட்டு, இந்த வாரமே மண்ணை உதிர்த்துப் புதிதாக விதை போடு. கலைத்தெடுக்கும் இளஞ்செடிகளை வீணாக்காதே. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தால் அருமையாக இருக்கும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்