செயற்கைக் கால்: பெறுவதும் பேணுவதும்

போர் ஓய்ந்தாலும் அதன் துன்பம் உடனே ஓய்வதில்லை. மண்ணில் புதைந்த கண்ணிவெடி, விறகு பொறுக்கச் செல்வோரையும் மாடு மேய்ப்போரையும் ஆண்டுகள் பல கழிந்தும் தாக்குகிறது. காலிழந்தோர் மீண்டும் நடந்து வாழ என்னென்ன வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

முதலாவது, வாழ்க்கைக்குப் பொருந்தும் கால். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் இருப்பதற்கென அமைந்தது. எங்கள் சோழபுரத்து உழவர் அதனை அணிந்து சேற்று வயலில் இறங்க இயலுமா? சம்மணமிட்டு உண்ண இயலுமா? இக்குறையை நீக்க, கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர்ப் பாதத்தை உருவாக்கினர். உள்ளே மரமும் நுண்துளை ரப்பரும். வெளியே சூட்டில் பதப்படுத்திய ரப்பர். அதனை அணிந்தோர் காலணியின்றி நடக்கலாம், குந்தி அமரலாம், ஈரத்திலும் உழைக்கலாம். சேத்தி அவர்களுக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. பாதத்தைச் செய்த கைகளுக்கும் அப்பெருமையில் பங்குண்டு என்பேன்.

இரண்டாவது, அருகில் ஒரு பட்டறை. எஞ்சிய காலின் அளவு மாறும். அது நுழையும் உறை தளர்ந்தால் புண் உண்டாகும். பொதுவாகப் பெரியவர்க்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வளரும் சிறுவர்க்கு 6 மாதங்களுக்கு ஒருமுறையும் புதுக்கால் தேவை. கணக்கிட்டுப் பாருங்கள்: 10 வயதில் காலிழந்த சிறுமி 18 வயதை எட்டுமுன் ஏறத்தாழ 16 கால்கள் மாற்ற வேண்டும்! ஒருநாள் முகாமில் ஒரு கால் வழங்கிப் படம் எடுத்துக்கொண்டால் மீதி 15க்கு யார் பொறுப்பு?

மூன்றாவது, பட்டறைக்குச் செல்லும் வழி. இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1987இல், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் முறைச் செயற்கை உறுப்பு நிலையம் தோன்றியது. ஆனால் 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டது; 2009இல் போர் முடிந்த பின்னரே திறந்தது. வன்னியில் வாழ்ந்தவர்க்கு யாழ்ப்பாணத்து நிலையம் கண்ணுக்கெட்டாத் தொலைவாயிற்று. சாலை திறந்தபின்னும் பேருந்துக் கட்டணமும், இழக்கும் நாட்கூலியும் ஏழையின் வழியை மறிக்கும் என்பதில் ஐயமில்லை.

நம் வட்டாரத்தில் போர் இல்லை. எனினும் சர்க்கரை நோயாலும் விபத்தாலும் காலிழந்தோர் உண்டு. புண்ணை ஆற்றும் கட்டுத்துணியைச் சத்திரப்பட்டித் தறிகள் நெய்து தருகின்றன. புண் ஆறிய பிறகு நடக்கவேண்டிய நெடுவழிக்கு நாம் என்ன தருகிறோம்? உறையைச் செப்பனிடத் தெரிந்த ஒருவர், ஓர் அளவுக்கருவி, ஒரு சிறு பட்டறை - வட்டந்தோறும் இவை அமைந்தால், கொடுத்த கால் மூலையில் கிடவாது. வயலுக்கும் பள்ளிக்கும் நடக்கும்.