தாடையில் வைக்கும் எலும்பும் தொழுகையும்

பல் விழுந்த இடத்தில் தாடை எலும்பு நாளடைவில் தேயும். செயற்கைப் பல்லை ஊன்ற எலும்பு போதாவிடில், மருத்துவர் அங்கே எலும்புத்தூள் வைத்து, இறுகுவதற்குச் சில மாதங்கள் விடுவார். அது நோயாளியின் சொந்த எலும்பாகவோ, இரசாயனப் பொருளாகவோ, மாடு அல்லது பன்றியின் எலும்பாகவோ இருக்கலாம்.

சுத்தமானது கிடைக்காமல் நஜீஸான எலும்பை ஒட்டியவர் மன்னிக்கப்படுவார். கிடைத்தும் ஒட்டினால், தீங்கு அஞ்சாதபோது அகற்றுவது கடமை என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ தரும் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபில் முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் எலும்பும் நஜீஸே. ஹனஃபீ மத்ஹபில், பன்றியுடையது தவிர, கொழுப்பு நீங்கிய எலும்பு சுத்தமானது.

ஆகவே நாம் சொல்வது: சிகிச்சைக்கு முன்பே “எந்த எலும்பு?” என்று கேளுங்கள். முன்னரே வைத்து, எடுத்தால் தீங்கு நேரும் நிலையிலுள்ளவர் கலங்க வேண்டாம். அவர் தொழுகை கூடும். வல்லாஹு அஃலம்.