பட்டறைத் தூளும் பங்குனி ஆமையும்

ஆயா வந்தார்

பெங்களூரில் பிரேசர் டவுன் என்று ஒரு பகுதி இருக்கிறது. புலிகேசி நகர் என்றும் அதைச் சொல்வார்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

அங்கே ஒரு சந்தில் சிறிய பட்டறை இருந்தது. கடலில் ஓடும் காற்றுப் பலகைகளை அங்கே செய்தார்கள். முதலாளியோடு சேர்த்து மூன்றே பேர் வேலை. அதில் ஒருவன் கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன்.

ஒரு நாள் அவனுடைய ஆயா ஊரிலிருந்து வந்தார். கையில் கருவாட்டுப் பொட்டலம். பட்டறைக்குள் நுழைந்ததும் நீளமான வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

"என்னய்யா இது? கதவா, கட்டிலா?" என்று கேட்டார்.

பேரன் சிரித்தான். "காத்துப் பலகை ஆயா. இதுமேல ஒரு பாய் நிக்கும். காத்து பாயைத் தள்ளும். ஆள் நின்னுக்கிட்டே கடல்ல போவான்."

"அட! உங்க தாத்தா கட்டுமரத்துல போனதும் இப்படித்தானே!" என்றார் ஆயா.

கட்டுமரமும் காற்றுப் பலகையும்

ஆயா சொன்னது சரிதான். கட்டுமரத்துக்குப் பக்கச் சுவர் கிடையாது. லேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். அலை அடித்தால் தண்ணீர் மரங்களின் இடையே வழிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காய வைப்பார்கள். பாய் கட்டினால் காற்றே அதைத் தள்ளும்.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தன் பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 'கட்டமரான்' என்று இன்று உலகம் சொல்லும் சொல் நம் தமிழ்ச் சொல்தான்.

காற்றுப் பலகை விளையாட்டு 1960களில் அமெரிக்காவில் வளர்ந்தது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் அது இடம் பெற்றது. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் போகும் விளையாட்டும் பின்னர் வந்தது. அது 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

பலகை செய்யும் விதம்

கட்டுமரம் மரத்தால் ஆனது. பழையதானால் மட்கிவிடும். அல்லது அடுப்புக்கு விறகாகும்.

காற்றுப் பலகை அப்படி அல்ல. முதலில் தெர்மோகோல் போன்ற நுரைக் கட்டியைப் பலகை வடிவில் அறுக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரிக்கிறார்கள். ரெசின் என்ற பசையைப் பூசுகிறார்கள். அது காய்ந்து கல்லைப்போல் இறுகுகிறது. பிறகு மறுபடியும் தேய்க்கிறார்கள்.

தேய்க்கும்போது தூள் பறக்கும். நுரைத் தூளும் கண்ணாடி இழைத் தூளும் எளிதில் மட்காது. மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சுக்கும் கெடுதல்.

தூள் எங்கே போகிறது?

மாலை ஆனது. வேலை முடிந்தது. பேரன் வாளியில் தண்ணீர் எடுத்தான். தரையில் கிடந்த வெள்ளைத் தூளை வாசல் சாக்கடையில் கழுவி விட்டான். இரண்டு தடவை இருமினான்.

ஆயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன்யா, இந்தச் சாக்கடை எங்கே போவுது?"

"எங்கேயோ போவுது ஆயா."

"நம்ம ஊர் வலையிலயும் இந்த மாதிரி வெள்ளை உருண்டை சிக்குது. மீன் கொஞ்சம், குப்பை கொஞ்சம். உங்க மாமன் தினமும் பொறுக்கி எறியறான். அது எந்த ஊர்க் குப்பையோ!"

முதலாளி காதில் இது விழுந்தது. அவர் எழுந்து வந்தார். சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. அதில் விரலை வைத்துக் காட்டினார்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். நகரின் கிழக்குப் பக்கத்துக் கால்வாய்கள் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணை ஆற்றைச் சேர்கின்றன. அந்த ஆறு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி அணை. அடுத்து சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

வழியில் ஏரியிலும் அணையிலும் கொஞ்சம் குப்பை தங்கும். வெள்ளம் வந்தால் அதுவும் நகரும்.

"அப்போ நான் கழுவி விட்டது..." என்றான் பேரன். மேலே பேசவில்லை.

"உங்க மாமன் வலைக்கு வந்தாலும் வரும்" என்றார் ஆயா.

ஆமைக்கு என்ன தெரியும்?

தை, மாசி, பங்குனி மாதங்களில் நம் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் வருகின்றன. மணலில் குழி தோண்டி முட்டை இடுகின்றன. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஒரு குழுவாகச் சேர்ந்து இரவில் கடற்கரையில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள்.

ஆனால் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கையும் நுரைத் துண்டையும் ஆமைகள் இரை என்று நினைத்துத் தின்றுவிடுகின்றன. அது செரிக்காது. குடலை அடைத்தால் ஆமை செத்துப்போகும்.

கடலில் விளையாடுவோரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவின் மாலிபு என்ற ஊரில் அலைச்சறுக்கு வீரர்கள் சேர்ந்து கடற்கரையைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடல் கெட்டால் விளையாட்டும் இல்லை, பலகைத் தொழிலும் இல்லை.

பட்டறையில் வந்த மாற்றம்

முதலாளி அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தார். முகமூடிக்கும் தூள் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் செலவு ஆகும். லாபம் குறையும். சின்னப் பட்டறைக்கு அது பாரம்தான். ஆனாலும் கடலை நம்பிச் செய்கிற தொழில் இது என்று நினைத்தார். இயந்திரத்தைப் பழையதாகப் பார்த்து வாங்கினார்.

மறு வாரம் பட்டறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பேரனே அதை எழுதினான்.

1. தேய்க்கும்போது முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும்.
2. தூளைத் தண்ணீரால் கழுவக் கூடாது. உறிஞ்சி எடுத்து, சாக்கில் கட்டி, கழிவு வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.
3. மீந்த ரெசினைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.
4. வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். பொருள் கட்டி அனுப்ப அவை உதவும்.
5. உடைந்த பலகையைக் கொண்டுவந்தால் பழுது பார்த்துத் தர வேண்டும். ஒரு பலகை நீண்ட நாள் உழைத்தால் ஒரு குப்பை குறையும்.

ஆயா எழுத்துக்கூட்டி அதைப் படித்தார். அவரும் முதியோர் வகுப்பில் படித்தவர்தான்.

"நல்லா எழுதியிருக்கே ராசா. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"என்ன ஆயா?"

"எந்தச் சாக்கடையும் கடல்லதான் முடியும். அதையும் எழுது."

பேரன் பேனாவை எடுத்தான். தாளின் உச்சியில் அதைப் பெரிய எழுத்தில் எழுதினான்.

சிந்திப்போம், பேசுவோம்

1. கட்டுமரத்துக்கும் காற்றுப் பலகைக்கும் என்ன ஒற்றுமை? என்ன வேற்றுமை?
2. பிரேசர் டவுன் தூள் கடலூர் வரை எந்த வழியாகப் போகலாம்?
3. உங்கள் தெருச் சாக்கடை எந்த ஏரிக்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது? கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.
4. உங்கள் வேலையில் மிஞ்சும் கழிவு என்ன? அதை எங்கே போடுகிறீர்கள்?