பிள்ளைப் பருவக் காயமும் பிற்காலக் குடியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிள்ளைப் பருவத்தில் பட்ட அடி, பார்த்த சாவு, விடாமல் துரத்திய பயம் ஆகியவற்றுக்கும் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாவதற்கும் உள்ள தொடர்பு மருத்துவத்தில் உறுதியாக நிறுவப்பட்டது. எம். புதுப்பட்டி, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் அது தனிக் கவனத்துக்குரியது. இங்கே ஒரு தலைமுறையில் ஏராளமான பிள்ளைகள் தீப்பெட்டி ஆலைகளில் வளர்ந்தார்கள். அதற்கடுத்து வந்த பிள்ளைகளில் பலர், பட்டாசு ஆலைக்குப் போன அம்மாவோ அப்பாவோ சாயங்காலம் திரும்பி வருவார்களா என்ற பயத்தோடு வளர்கிறார்கள். குடியைப் பற்றி ஊரில் பேசப்படும் பேச்சு இந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

நம்பிக்கை: "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், வளர வளர மறந்துடும்."

நடந்த விவரம் மறந்து போகலாம். உடம்பு பழகிக்கொண்ட பயம் அப்படிப் போவதில்லை. ஆபத்து வரும்போது மூளையின் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கை கொடுக்கிறது, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். வளரும் வயதில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆபத்து நீடித்தால், இந்த எச்சரிக்கை அடங்கவே கற்றுக்கொள்வதில்லை. கோபத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதியின் வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. வளர்ந்த பிறகு இது தூக்கமின்மையாக, காரணமில்லாத கோபமாக, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவதாக வெளிப்படும். பார்ப்பவர்கள் அதை அவருடைய குணம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

1970களிலும் 80களிலும் இந்த வட்டாரக் கிராமங்களில் விடியுமுன்பே ஆலை வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிடுவாள். அங்கே தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. வீட்டார் வாங்கிய அட்வான்ஸ் கழியும்வரை நிற்கவும் முடியாது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைகளை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்ததில் இவற்றின் பங்கு பெரியது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மனத்தில் என்ன தங்கிவிட்டது என்று கேட்க இவற்றில் இடமில்லை. அன்று கட்டை அடுக்கியவர்கள் இன்று ஐம்பது வயதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

பட்டாசு ஆலை வெடிவிபத்துகள் இன்னொரு பக்கம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால், வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அம்மா வேலை பார்க்கும் ஆலை எந்தத் திசை என்பதுதான். அம்மாவை இழந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தீபாவளியும் அதே சத்தத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது.

நம்பிக்கை: "குடிக்கிறவனுக்குக் கொழுப்பு. நினைச்சா இன்னைக்கே விட்டுடலாம்."

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 1998ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சைக் கேள்விக்குள்ளாக்கியது. 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் பிள்ளைப் பருவ வன்முறை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது போன்ற ஏழு வகைத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிடக் குடி நோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கேள்விகளில் குழந்தை உழைப்பும் இல்லை, ஆலை விபத்தும் இல்லை. எம். புதுப்பட்டிக்காரர் ஒருவரிடம் அந்தப் பட்டியலை அப்படியே நீட்டினால், அவர் சுமந்ததில் பெரும்பகுதி கணக்கில் வராமலே போகும்.

மது முதலில் உண்மையாகவே வேலை செய்கிறது. சிக்கலின் வேர் அங்கேதான். அடங்காத எச்சரிக்கையை அது சில மணி நேரம் அடக்கி, தூக்கத்தைக் கொடுக்கிறது. வாரச் சம்பளம் கையில் வந்த அன்று டாஸ்மாக் கடை வாசலில் நிற்பவர்களில் சிலர் சந்தோஷத்துக்காகக் குடிப்பதில்லை, ஒரு ராத்திரி தூங்குவதற்காகக் குடிக்கிறார்கள். போதை இறங்கியதும் பதற்றம் முன்னைவிடக் கூடுகிறது. அதை அடக்க மறுபடி மது. வருடங்கள் போனால் மூளை மது இல்லாமல் இயங்க மறுக்கிறது. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் காண்பது ஆகியவை வரலாம்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். குடியை விடுவதாகக் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்தவருக்கும் முதல் சில நாட்கள் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

வீட்டார் அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுப்பது இன்னும் ஆபத்தானது. இப்படிக் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போகும். அவரது சம்மதமில்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

நம்பிக்கை: "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகப் போகுது?"

மத்திய அரசு 2007ல் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். அவர்கள் வெளியே சொல்வது மிக அரிது; சொல்லாத அந்தக் காயமும் பிற்காலக் குடிக்கு இட்டுச் செல்லலாம்.

நம்பிக்கை: "அப்பன் குடிச்சா மகனும் குடிப்பான்."

பரம்பரைக்குப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி குடிநோய்க்கான காரணங்களில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது. ஆனாலும் அது தலையெழுத்து ஆகாது. ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது, விட்டுக்கொடுக்காமல் உடன் நின்ற ஒரு பெரியவர். அது பாட்டியாக, சித்தியாக, ஓர் ஆசிரியராக இருக்கலாம்.

நம்பிக்கை: "குடியை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும். பழசைக் கிளறினா மறுபடி குடிக்கப் போயிடுவான்."

மது அடக்கி வைத்திருந்த கெட்ட கனவும் பயமும், நிறுத்திய பிறகு மேலே வருகின்றன. "குடிச்சப்பவே நல்லா இருந்தான்" என்று வீட்டில் சலித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். சிகிச்சை இங்கேயே நின்றுவிட்டால் பலர் மறுபடி கடைக்குப் போகிறார்கள்.

பழைய காயத்தைத் தொட்டால் குடி திரும்பும் என்று மருத்துவர்களும் நெடுநாள் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்து 2012ல் வெளியான ஆய்வு அதிர்ச்சிக்கும் போதைப் பழக்கத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை அளித்துப் பார்த்தது. அதிர்ச்சியின் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. போதைப் பழக்கம் கூடவில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட மனச் சிகிச்சைகளை உலக சுகாதார நிறுவனம் 2013ல் பரிந்துரைத்தது. பல சிகிச்சை முறைகளில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உடம்பிலிருந்து போதை இறங்க வேண்டும். பின்பு தூக்கம், பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி, பாதுகாப்பான சூழல். அதன் பிறகே நடந்ததைப் பேசுவது, அதுவும் அவர் தயாரானால், பயிற்சி பெற்றவரிடம். சொந்தபந்தம் கூடி உட்கார்ந்து கேள்வி கேட்பது சிகிச்சை ஆகாது. இடையில் ஒருமுறை குடித்துவிட்டாலும் அதுவரை நடந்தது வீண் இல்லை; சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போல இதிலும் பின்னடைவு உண்டு, சிகிச்சையைத் தொடர வேண்டும்.

நம்பிக்கை: "நிவாரணம் கொடுத்தாச்சு, இனி என்ன?"

வெடிவிபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் அறிவித்தது மிகத் தேவையான ஏற்பாடு. படிப்பு நிற்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு. அதோடு, சரியாகத் தூங்காத, திடீரென வகுப்பில் பேசுவதை நிறுத்திய, சத்தம் கேட்டால் உறைந்து போகிற பிள்ளையை ஆசிரியர் கவனித்து மனநல ஆலோசகரிடம் அனுப்பவும் வழி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் முதல் பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை இது. பிள்ளைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கு 14446 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம்.