மாடியில் மீனும் கீரையும்: தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

மீன் தொட்டித் தண்ணியிலேயே கீரை வளர்க்கிற அக்வாபோனிக்ஸ் செட்டப் போட ஆசையா? சம்பளம் வந்ததும் தொட்டியையும் மீனையும் ஒரே நாள்ல வாங்கிடாதீங்க.

காரணம் இதுதான். மீன் கழிவிலிருந்து வர்ற அமோனியா மீனுக்கே விஷம். பாக்டீரியாக்கள் அதை முதல்ல நைட்ரைட்டாவும், பிறகு நைட்ரேட்டாவும் மாத்தும். அந்த நைட்ரேட்தான் கீரைக்கு உரம். ஜல்லியில இந்த பாக்டீரியா பெருக பொதுவா 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதனால செலவைப் பிரிச்சுக்கோங்க.

முதல் மாசம்: தொட்டி, ஜல்லி, பம்ப், டெஸ்ட் கிட். கொஞ்சம் மீன் தீவனத்தை மட்டும் போட்டு ஓட விடுங்க.

பிறகு: அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கினதும் சில மீன் மட்டும் விடுங்க.

மாசச் செலவு: 40 வாட் பம்ப் 24 மணி நேரம் ஓடினா மாசம் சுமார் 29 யூனிட், 2 மாச பில்லுல 58. தமிழ்நாட்டுல பில் 500 யூனிட்டைத் தாண்டினா, கீழே இருக்கிற சில யூனிட்டுகளுக்கும் ரேட் கூடிடும். உங்க பழைய பில்லைப் பாருங்க.

கவனம்: 500 லிட்டர் தண்ணி 500 கிலோ. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முதல்ல கேளுங்க. கரண்ட் போனா மீன் மூச்சுத் திணறும். பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

3 மாசம் தீவனம், கரண்ட் செலவை எழுதி, மிச்சமான கீரைக் காசோட ஒப்பிடுங்க. லாபம் வரலைன்னா அது முதலீடு இல்ல, பொழுதுபோக்கு. தப்பே இல்ல, ஆனா அந்தக் காசை எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுக்காதீங்க.