புரட்டாசி விரதம்... புலால் தவிர்த்தால் மட்டும் போதுமா?

புரட்டாசி பிறந்துவிட்டால், அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கம் பல வீடுகளில் சமையலே மாறிவிடும். மீன் குழம்பு மணக்கும் கொள்ளிடக் கரை ஊர்களிலும் மாதம் முழுக்க அசைவத்துக்கு விடுமுறைதான். சனிக்கிழமைகளில் அரியலூர் அருகே கல்லங்குறிச்சி கலியுக வரதராஜப் பெருமாளைத் தரிசிக்கப் பக்தர்கள் திரள்வார்கள். இங்கே மூலவருக்குச் சிலை வடிவம் இல்லை, கம்பமே பெருமாள்! காணாமல் போன பசு இந்தக் கம்பத்தின் மீது பால் சொரிந்து நிற்க, பெருமாள் வெளிப்பட்டார் என்கிறது தல வரலாறு.

உயிர்களிடம் கருணை காட்டுவதே இந்த விரதத்தின் அடிப்படை. வள்ளுவரும் 'புலால் மறுத்தல்' என்று 26-வது அதிகாரத்தையே அமைத்திருக்கிறார். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் வயிற்றுக்கு எளிய உணவே நல்லது என்பது பெரியவர்களின் அனுபவ வாக்கு.

மருத்துவமும் இதற்குத் துணை நிற்கிறது. இறைச்சியின் இடத்தில் காய், கீரை, பயறு வந்தால் நார்ச்சத்து கூடும், மலச்சிக்கல் குறையும். கெட்ட கொழுப்பும் கட்டுப்படும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது.

ஆனால், தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அசைவத்தை நிறுத்திவிட்டு வடை, அப்பளம், சர்க்கரைப் பொங்கல் என்றே சாப்பிட்டால் பலன் கிடைக்காது. மீனும் முட்டையும் தந்த புரதத்தை ஈடுகட்ட, தினமும் பருப்பு, சுண்டல், தயிர் இலையில் இருக்கட்டும். நவராத்திரி சுண்டல் வெறும் பிரசாதம் அல்ல; நல்ல புரத உணவு!

பெண்கள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. கீரை, பயறுகளில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும்.

வீட்டில் எல்லோருக்கும் தளிகை பரிமாறிவிட்டு, தான் மட்டும் பட்டினி கிடப்பவர்கள் நம் பெண்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் உணவைத் தள்ளிப்போட்டால் மயக்கம் வரலாம். இவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. புலால் தவிர்ப்பது வேறு, பட்டினி கிடப்பது வேறு. வேளைக்குச் சாப்பிட்டாலும் புலால் தவிர்த்த விரதம் விரதமே!

எல்லா உயிர்க்கும் இரங்கும் பெருமாள், விளக்கேற்றும் உங்கள் உடல் வாடுவதையா விரும்புவார்? வேளைக்குச் சாப்பிட்டு, மனம் நிறைய 'கோவிந்தா' சொல்லுங்கள். இல்லத்தில் ஆரோக்கியமும் ஆனந்தமும் பெருகும்.