பெட்டி நகரும், தேனீ நகருமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துத் தோப்பு மனையாகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தேனீ கொட்டிவிடுகிறது. ஐப்பசி மழைக்கு முன் பெட்டிகளைக் கடலோரத்திலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் தேனீப்பெட்டியை இடம் மாற்றக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. தினம் கொஞ்சமாக நகர்த்துவதா, ஒரே இரவில் தூக்கிப்போய் வைப்பதா, வாயிலை அடைத்துவைத்துப் புது இடத்துக்குப் பழக்குவதா என்பதில்தான் குழப்பம். ‘மூன்றடி அல்லது மூன்று மைல்’ என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நகர்த்தினால் மூன்றடிக்குள் நகர்த்து, இல்லையேல் மூன்று மைலுக்கு அப்பால் கொண்டுபோ என்பது அதன் பொருள். ஐரோப்பியத் தேனீயை வைத்து உருவான கணக்கு அது. நம் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இந்தியத் தேனீ. அதைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பாதிதான் சரி. அது சொல்லாமல் விடும் மறுபாதியில்தான் பெரிய நட்டம் இருக்கிறது.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். வெளியே போய்வரும் தேனீ பெட்டியை அடையாளம் வைத்துத் திரும்புவதில்லை. இடத்தை வைத்துத் திரும்புகிறது. சூரியன் நிற்கும் திசை, வழியிலுள்ள மரம், சுவர், கூரை ஆகியவை அதன் நினைவில் படிந்திருக்கின்றன. தேனீயின் நடனத்தையும் திசையறிவையும் ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து ஆசியத் தேனீக்களைக் கவனித்தார். ஐரோப்பியத் தேனீயைவிடக் குறுகிய வட்டத்துக்குள்தான் இவை இரை தேடுகின்றன என்பது அவருடைய ஆய்விலிருந்து தெரியவந்தது. இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் சுற்றி வருகிறது. ஆகவே பழைய வட்டமும் புது வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழாமலிருக்க இரண்டு கிலோமீட்டர் போதும். பாதுகாப்புக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். இத்தாலியத் தேனீ எனும் ஐரோப்பிய வகையை வளர்ப்பவர் மட்டும் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது.

அப்படியானால் பத்து மீட்டருக்குள் மாற்றுவதென்றால் தினம் ஓரடி, இரண்டடியாக நகர்த்துவதே மேல். வாயில் பார்க்கும் திசை மாறக் கூடாது. மழையால் தேனீ பறக்காத நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்று கிலோமீட்டருக்கு மேலென்றால் ஒரே இரவில் கொண்டுபோய்விடலாம். சங்கடமெல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான். முந்நூறு மீட்டரைத் தினம் ஒரு மீட்டராகக் கடப்பதென்றால் பத்து மாதம் ஆகும். ஒரே இரவில் மாற்றினாலோ மறுநாள் காலை வெளியே போன தேனீ பழக்கப்பட்ட மரத்தைக் கண்டதும் பழைய இடத்துக்கே போய் வட்டமிடும். இதற்கு நான் தேர்ந்தெடுப்பது இரட்டைப் பயணம். மாமல்லபுரத்துக்குள்ளேயே முந்நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டிய பெட்டியை, 15 கிலோமீட்டர் தள்ளித் திருக்கழுக்குன்றம் பக்கம் மூன்று வாரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது. வெளிவேலை பார்க்கும் தேனீக்களின் மிச்ச ஆயுள் ஏறக்குறைய அவ்வளவுதான். பழைய இடத்தை நினைவில் வைத்திருந்தவை அதற்குள் பெரும்பாலும் மடிந்திருக்கும். வண்டிச் செலவு இரட்டிப்பாகிறதே என்றால், ஆமாம், ஆகிறது. ஆனால் இந்தியத் தேனீப்பெட்டி ஒருவர் தூக்கக்கூடிய எடைதான். குட்டியானை வண்டியில் பல பெட்டிகள் ஒரே நடையில் போய்விடும்.

வாயிலைப் புல்லால் அடைத்து, இரண்டு மூன்று நாள் உள்ளேயே வைத்து, பிறகு எதிரே தழை வைத்துத் திறந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தடங்கலைக் கண்ட தேனீ புது இடத்தைச் சுற்றிப் பார்த்துப் பதிந்துகொள்ளும் என்பது உண்மையே. ஆனால் எல்லாத் தேனீயும் அப்படிச் செய்வதில்லை. அதைவிட, அடைகாக்கும் பகுதியின் சூட்டை 33 முதல் 35 டிகிரிக்குள் வைக்கப் பாடுபடும் கூட்டத்தைச் சித்திரை வெயிலில் பூட்டிவைத்தால் அது உள்ளேயே புழுங்கிச் சாகும். தழை வைப்பதைத் துணை உபாயமாகக் கொள்ளலாம், அதையே முறையாக நம்பக் கூடாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதில்லை. வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஒன்றை மட்டும் நகர்த்தினால், திரும்பி வரும் தேனீக்கள் மதுரத்தோடு பக்கத்துப் பெட்டிக்குள் நுழையும். அங்குள்ள தேனீக்கள் பெரும்பாலும் அவற்றை ஏற்றுக்கொள்ளும். நகர்ந்த பெட்டி சற்று இளைக்கும், வளர்ப்பவருக்கு நட்டமில்லை.

இதுவரை சொன்னது வெளித்தேனீயை இழப்பதைப் பற்றி. அந்த இழப்பை ராணி சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போவதற்கு ஈடு கிடையாது. இந்தியத் தேனீயின் குணம் இது. இரை குறைந்தால், எறும்போ மெழுகுப் பூச்சியோ தொல்லை கொடுத்தால், ஓயாமல் குலுக்கினால், ராணியோடு எழுந்து போய்விடும். ஆகவே எப்படி நகர்த்துவது என்பதற்கு முன் எங்கே, எப்போது என்பதை முடிவு செய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 314 ஹெக்டேர். பெட்டியைக் கடற்கரை மணலை ஒட்டி வைத்தால் அதில் பாதி வங்காள விரிகுடா. மிச்சத்தில் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் சவுக்குத் தோப்பும் உதவாது. சவுக்கு காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம், அதில் மதுரம் கிடையாது. தென்னை மட்டும்தான் ஆண்டு முழுதும் கைகொடுக்கும். வேம்பும் புங்கமும் புளியும் உள்ள உட்பகுதிக்குப் போவதே நல்லது. கடலோரம் அழகுக்குச் சரி.

காலத்தைப் பொறுத்தவரை என் தேர்வு தை மாதம். மழை நின்றிருக்கும், வேம்பும் புங்கமும் பூக்க இன்னும் நாள் இருக்கும், கூட்டம் புது இடத்தில் பெருகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கடலோரப் பெட்டியை உள்ளே கொண்டுவருவதென்றால் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படியொரு எச்சரிக்கை வந்த பிறகு, பசியோடிருக்கும் கூட்டத்தை மழையில் தூக்கிக்கொண்டு ஓடுவது இருக்கும் வழிகளிலேயே மோசமானது.

கன்னியாகுமரிக்காரர்கள் ஆண்டுதோறும் ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோகிறார்களே, அவர்கள் இவ்வளவு யோசிக்கிறார்களா என்று கேட்கலாம். யோசித்து முடித்துவிட்டார்கள் என்பதுதான் பதில். ரப்பர் துளிர்விட்டு இலைக்காம்பில் மதுரம் சுரக்கும் மாதங்களைப் பார்த்துத்தான் அவர்கள் நகர்கிறார்கள். போய்ச் சேரும் இடத்தில் விருந்து காத்திருக்கிறது, தூரமும் போதுமானது. ஆனாலும் 1991–92இல் புழுக்களைக் கொல்லும் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்ததை மறக்க முடியாது. புழு செத்துக் கிடக்கும் பெட்டியை எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

தேதி குறித்தபின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. இரண்டு நாள் முன்பே தேனறையிலிருந்து தேனை எடுத்துவிடுங்கள். கனத்த புது அடை வழியில் அறுந்து ராணியை நசுக்கும். இருட்டியபின் வாயிலைக் கம்பிவலையால் மூடுங்கள். சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருந்தால் பிரேக் போடும்போது அடைகள் ஒன்றோடொன்று மோதாது. சேர்ந்ததும் தாங்கியின் கால்களுக்கு நீர்க்கிண்ணம் வையுங்கள், விடிவதற்குள் வாயிலைத் திறந்துவிடுங்கள். முதல் சில நாள் மாலையில் சர்க்கரைப் பாகு ஊற்றலாம். முட்டையும் புழுவும் நிறைந்த கூட்டம் எளிதில் ஓடாது; அடை காலியாக இருந்தால் மட்டும் ராணித்தடுப்புத் தகட்டை நான்கைந்து நாள் வாயிலில் பொருத்துங்கள். ஆனால் உள்ளே இருப்பது இன்னும் இணைசேராத இளம் ராணி என்றால் அந்தத் தகட்டைத் தொடவே வேண்டாம்; அது வெளியே பறந்தாக வேண்டும்.